நான் திருத்திய வலிக் குறிப்பேடு

என் மனைவியின் வலிக்கு நான் மதிப்பெண் போட்டேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்துச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிடும். அது எனக்குச் சேர வேண்டியதல்ல.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. விழுப்புரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்தேன். எங்கள் தெருவில் யாராவது ரத்தமோ சிறுநீரோ பரிசோதனைக்குக் கொடுத்தால், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போவதற்கு முன் என் வீட்டுக்கு வருவார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது பக்கம் அச்சிட்டிருக்கும் இயல்பான அளவையும் இடது பக்கம் எழுதியிருக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்ல, தண்ணி நெறைய குடிங்க" என்பேன். சிலர் அதோடு டாக்டரிடம் போகாமலே நின்றுவிடுவார்கள். "சயின்ஸ் சாரு பாத்துட்டாரு" என்று அவர்கள் வெளியே போய்ச் சொல்வது என் காதில் விழும். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையால் யார் யாருக்கு என்ன ஆனது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. என் வீட்டில் ஆனது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவளும் ஆசிரியைதான். திண்டிவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் விழுப்புரம் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். திண்டிவனத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, மாலை அதே வழியில் திரும்பினால் வீடு சேர ஆறரை ஆகும். அந்தப் பள்ளியில் கழிப்பறை என்று ஒன்று இருந்தது. கதவு இல்லை, தண்ணீர் இல்லை. அங்கே வேலை பார்த்த மூன்று ஆசிரியைகளும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். பிறகு மாலை வரை தண்ணீரைத் தொடுவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட விக்கல் எடுத்தால்தான் ஒரு வாய். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டைக் காட்டுவதற்கு முன் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். "டீச்சர், பாட்டில எடுத்துக்கினு வந்தா பாட்டிலோடவே ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடணும்" என்று ஒருத்தி சொன்னதை என் மனைவி வீட்டில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கழிவு நீக்க மண்டலத்தை வருடம் தவறாமல் நடத்தியவன் நான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதில் அது ஆரம்பித்தது. முதலில் அடிக்கடி போனாள். பிறகு, சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப அடிவயிற்றில் வலிக்கிறது, போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் விடுகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது என்றாள். "மொளகாத்தூள அள்ளி உள்ள வெச்சி தெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள். நான் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சீழ் செல்கள் இரண்டு, மூன்று, சாதாரணம். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. ரிப்போர்ட்டை அவளிடம் நீட்டி, விரலை வைத்துக் காட்டினேன்.

"பாரு. கிருமியே இல்ல."

"கிருமி இல்லன்னா ஏன் எரியுது?"

"எரியல. எரியற மாதிரி தோணுது."

இந்த மூன்று வார்த்தைகளை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எரிகிற மாதிரி தோன்றுகிறது. அறிவியல் படித்தவன் சொல்கிற தொனியில் சொல்வேன். மெதுவாக, கோபமில்லாமல். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள்.

அவள் தானாகவே சிலவற்றைக் கண்டுபிடித்தாள். புளிக்குழம்பு சாப்பிட்ட நாளில் எரிச்சல் கூடுகிறது. எலுமிச்சை, தக்காளி, காபி மூன்றும் ஆகவில்லை. அவற்றை விட்டுவிட்டு, கேப்பைக் கூழும் மோர் சேர்க்காத சோறும் சாப்பிட்டாள். நான் சாப்பாட்டு வேளையிலேயே பாடம் நடத்தினேன்.

"புளி எறைப்பைக்குப் போவுது, கொடலுக்குப் போவுது. மூத்திரப் பைக்கு எப்படிப் போவும்? எனக்கு வழி சொல்லு பாக்கலாம்."

"வழி எனக்குத் தெரியல. எரியறது தெரியுது."

"அப்ப புளிக்குக் கால் மொளச்சி நடந்து போவுதா?"

மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளும் என் நகைச்சுவைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை தன் குற்றமாகச் சொல்லிக்கொள்கிறாள். அது அவள் குற்றமல்ல.

வலி ஆரம்பித்த இரண்டாம் வருடம் நான் அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினேன். பள்ளியில் செய்முறைத் தேர்வுக்கு மாணவர்கள் வைத்திருக்கும் ரெக்கார்டு நோட்டு, ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளை. அதில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டினேன். நேரம், அளவு, வலி பத்துக்கு எவ்வளவு. அளவுக்கு ஒரு பழைய கண்ணாடிக் குடுவையைப் பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்து குளியலறையில் வைத்தேன். "நீ சொல்றது உண்மைன்னா எழுத்துல வரட்டும்" என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஆதாரம் அல்ல. அவள் மிகைப்படுத்துகிறாள் என்று நிரூபிக்க ஒரு தாள் வேண்டியிருந்தது.

அவள் எழுதினாள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்கிறவள், குண்டு குண்டாக, ஒரு எழுத்தும் கோணாமல் எழுதினாள். ஒரு நாளில் இருபத்து நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை டம்ளருக்கும் குறைவு. வலி எட்டு, எட்டு, ஒன்பது, ஏழு, ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதை எடுத்துத் திருத்தினேன். சிவப்பு மையில். இருபது நிமிட இடைவெளியில் இரண்டு பதிவு இருந்தால் இரண்டாவதை அடித்துவிட்டு, 'தேவையற்றது' என்று எழுதினேன். ஒன்பது என்று இருந்த இடத்தில் ஒன்பதை அடித்து ஐந்து போட்டேன். பக்கத்தில், 'பிரசவ வலி பத்து எனக் கொண்டு, அதனுடன் ஒப்பிட்டு எழுதுக' என்று குறிப்பு. பக்கத்தின் கீழே 'பார்த்தேன்', என் சுருக்கொப்பம், தேதி.

அதைப் பார்த்துவிட்டு அவள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, பெத்தது நானா நீங்களா?"

"எதுக்குக் கேக்கற?"

"இல்ல, பத்துன்னா எவ்ளோன்னு ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்போல இருக்குதே. அதான் கேட்டேன்."

அந்தப் பேச்சில் இருந்த கிண்டல் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் கடுமையாகத் திருத்தினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் நோட்டைத் திறந்தால் வெற்றுக் கட்டங்கள். நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. பதிவு இல்லை, எனவே வலி இல்லை என்று புரிந்துகொண்டேன். சக ஆசிரியர் ஒருவரிடம், "எழுத வெச்சேன் பாருங்க, சரியாயிடுச்சு" என்றுகூடச் சொன்னேன். அவள் அப்போதும் இருபத்து நான்கு தடவை போய்க்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் சொல்வதைத்தான் விட்டிருந்தாள்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்குச் செய்முறைத் தேர்வின் வெளித் தேர்வாளராக என்னைப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ். அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால். என் பக்கத்து இருக்கையில் நான் போகவேண்டிய பள்ளியின் ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள். என்னை அடையாளம் கண்டு, வணக்கம் சொல்லி, தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டி, சாலை வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் பஸ் நின்றது. லாரிகள் வரிசையாக நின்றன. கால் மணி நேரம் நகரவே இல்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. எனக்குப் புரிந்தது. நான் கையை லேசாகக் கீழே அழுத்திக் காட்டினேன். பொறுத்துக்கொள் என்று.

பஸ் நகர்ந்து வேகம் பிடித்த பிறகு அவள் எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்துங்கண்ணே."

"இன்னாம்மா, இப்பதான் வண்டி நகருது. திண்டிவனம் வந்துருச்சி, அரை மணி."

"முடியாதுண்ணே."

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு விசிலடித்தான். பஸ் ஓரங்கட்டியது. அவன் பார்த்த ஒரே தடவையில் புரிந்துகொண்டதை நான் இரண்டு வருடமாகப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. அவள் இறங்கினாள். சாலையோரம் வெட்டவெளி. மல்லாட்டை பிடுங்கிய வெறும் வேர்க்கடலைக் கொல்லை, ஒரு புதர்கூட இல்லை. பின்னால் யாரோ, "டீச்சரம்மா பாடம் நடத்தப் போறாங்களா?" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு இருந்தவள், எழுந்தாள். "சிரிக்கிறானுங்க பாரு, ஒங்கம்மால்லாம் மூத்திரம் உடாமயா ஒன்னப் பெத்தாளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய், தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து அவளுக்கு மறைப்பாக நின்றாள். நின்றபடியே பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள்.

"இந்தம்மாகூட வந்தவங்க யாரும் இல்லியா? ஒருத்தர் எறங்கி அந்தப் பக்கம் மறச்சி நிக்கக் கூடாதா?"

பக்கத்தில் இருந்த ஆசிரியர், "பாவம், தனியா வந்திருக்காங்கபோல" என்றார். நான் ஆமாம் என்றேன்.

வாய்விட்டு, ஆமாம் என்றேன்.

மாலையில் வீட்டில் அவள் என்னிடம் கேட்டது, "எக்ஸாம்லாம் நல்லா நடந்துச்சா?" என்பது மட்டும்தான். நன்றாக நடந்தது என்றேன்.

வலி ஆரம்பித்து மூன்றாம் வருடம், அவளுடைய அண்ணன் வற்புறுத்தியதால், புதுச்சேரியில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனோம். வயதானவர், பொறுமையானவர். அவளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். அவர் இரண்டு தடவை, "அவங்க சொல்லட்டும் சார்" என்றார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. நான் எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாகக் கோப்பில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிருமி இல்லாமலும் இந்த வலி வரும். மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு உள்ள ஒரு தடவை பாத்துடலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். கிருமியே இல்லாதபோது மயக்க மருந்து எதற்கு, இவள் இயல்பாகவே பதற்றக்காரி, இவள் அம்மாவும் இப்படித்தான் என்றேன். அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். சிறுநீரகத்தின் படம். நான் வகுப்பில் மாட்டுகிற அதே படம்.

உள்ளே பார்க்க அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஆனது. இடையில் அவள் இரண்டு மனநல மருத்துவர்களைப் பார்த்தாள், நான் கூட்டிப்போய். அவர்கள் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூங்கினாள். தூங்கினால் வலி தெரியவில்லை என்றாள். நான் அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்: பார்த்தாயா, மனசுதான். தலைமை ஆசிரியையாக வேண்டியவள், பஸ்ஸில் ஏற முடியாமல் ஐம்பத்தோரு வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பக்கத்தில் கோலியனூரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக்கூடப் போவதில்லை. 'திமிர்' என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

மகள் படித்து, திண்டிவனத்தில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமாகிக் குடியிருந்தாள். எனக்கு அறுபத்து நான்கு நடந்தபோது ஒருநாள் எங்கள் வீட்டுப் பரணில் தன் பழைய சான்றிதழைத் தேடப்போன இடத்தில் அந்த ரெக்கார்டு நோட்டு அவள் கையில் கிடைத்தது. பரணுக்குக் கீழே ஸ்டூலில் நின்றபடியே முழுவதும் படித்தாள். இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போய், அம்மாவிடம், "நாளைக்குக் காலைல கெளம்பும்மா, பாண்டிச்சேரி போறோம்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "வாங்க. ஆனா நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

இந்த முறை ஒரு பெண் மருத்துவர். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். வந்ததும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள், எவ்வளவு, வலி எப்படி என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றார். மகள் பையைத் திறந்து நோட்டை எடுத்து வைத்தாள். "இப்ப எழுதினது இல்ல டாக்டர். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக.

"இது யார் எழுத்து?"

"என்னுதுதாங்க" என்றாள் என் மனைவி.

"செவப்பு?"

மகள்தான் சொன்னாள், "எங்கப்பா. சயின்ஸ் டீச்சர்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்படவில்லை. பேனாவை எடுத்து, நான் அடித்திருந்த எண்களை ஒவ்வொன்றாக, கோட்டுக்கு அடியில் உற்றுப் பார்த்து, தன் தாளில் எழுதிக்கொண்டே போனார்.

"சார், நீங்க அடிச்ச நம்பரத்தான் எடுத்துக்கறேன்" என்றார்.

அவருக்கு வேண்டிய எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. நோயைச் சந்தேகிக்கப் போதுமான குறிப்பு, நேரத்தோடும் அளவோடும், என் வீட்டுப் பரணில் பதிமூன்று வருடம் கிடந்திருக்கிறது. நானே கட்டம் கட்டி, நானே கெடுத்தது.

மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்தார்கள். பையின் உட்சுவரில் இரண்டு இடத்தில் சிவந்த புண். பையை நீரால் நிரப்பியபோது அந்த இடங்கள் வெடித்து ரத்தம் கசிந்ததாம். நிரப்பவும் முடியவில்லை. பை சுருங்கிப்போயிருந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு மேல் அது கொள்ளவில்லை. புண்களை மின்சூட்டால் தீய்த்தார்கள். கண் விழித்து இரண்டு நாள் கழித்து என் மனைவி மகளிடம் சொன்னது: "ஏய், வலி இல்லடி. இல்லாம இருந்தா இப்படியா இருக்கும்? மறந்தே போச்சி." அந்த வலி ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் பழைய வலி இல்லை.

வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்து, என்ன நடக்கிறது உள்ளே என்று கேட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். பிறகு நான் வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் உண்டு. படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். இது நான் அன்றே படித்திருக்க வேண்டிய பாடம்.

சிறுநீர்ப்பையின் உள்ளே, சிறுநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் வரிசைச் செல்களுக்குக் குடை செல்கள் என்று பெயர். நான் முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தவை. ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டியிருக்கும். அவற்றின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான ஒரு பூச்சு. பூச்சும் பூட்டும் சேர்ந்துதான் சிறுநீரை உள்ளே ஊறவிடாமல் காக்கின்றன. இந்த நோயாளிகள் பலருக்குப் பூச்சு மெலிந்து, பூட்டு தளர்ந்திருக்கிறது. சிறுநீரில் உள்ள பொட்டாசியம் போன்றவை சுவருக்குள் கசிகின்றன. அங்கே நரம்பு நுனிகள் இருக்கின்றன. மாஸ்ட் செல்கள் என்று ஒருவகைச் செல்கள், வயிறு நிறையச் சிறு பைகளில் ஹிஸ்டமின் என்ற எரிச்சலூட்டும் பொருளை வைத்துக்கொண்டு, நரம்புகளை ஒட்டியே உட்கார்ந்திருக்கின்றன. சீண்டினால் பைகளைக் கொட்டிவிடும். அதனால் நரம்பு கூசும். கூசிய நரம்பு தானும் சில பொருட்களைக் கசிய விட்டு மாஸ்ட் செல்லை மறுபடி சீண்டும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிருமி ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்று. ஏ.டி.பி. என்பது செல்லின் ஆற்றல் என்று மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். பையின் உட்சுவர் விரியும்போது அந்தச் செல்கள் அதே ஏ.டி.பி.யை நரம்புக்குச் செய்தியாக அனுப்புகின்றன, நிரம்பிவிட்டது என்று. நோயுற்ற பையில் அந்தச் செய்தி அளவுக்கு மீறிப் போகிறது. கால் பங்கு நிரம்பும்போதே நிரம்பி வழிகிற மாதிரி நரம்பு கதறும். அதாவது அந்தச் சுவர் வெறும் சுவர் அல்ல, அது உணர்கிறது, சொல்கிறது. நான் அதைப் பை என்று சொல்லிக்கொடுத்தேன். பைக்கு எங்கே வலிக்கும்?

இவற்றில் எது முதலில் தொடங்குகிறது என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மாதிரியும் இல்லை. டாக்டரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், பதினோரு வருடம் முன்பு அந்த முதல் டாக்டர் சொன்னபோதே பார்த்திருந்தால்?

"பை இவ்வளவு சுருங்காம இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா வலி வருஷக்கணக்கா ஓடினா, தண்டுவடத்துல இருக்கிற நரம்பு செல்லுங்களே வலிக்குப் பழகிடும். அப்புறம் கீழ புண்ணு ஆறினாலும் மேல அடங்கறது கஷ்டம்."

பிறகு அவர் ஒரு தாளைக் கொடுத்தார், சேர்க்கக் கூடாத உணவுகள். புளி, எலுமிச்சை, தக்காளி, காபி. இவை செரித்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக எதுவாக மாறிப் பைக்கு வருகின்றனவோ, அது மெலிந்த பூச்சைத் தாண்டிச் சுடுகிறது. வழி இருந்தது. வகுப்பில் அம்புக்குறி போட்டு நான் காட்டுகிற வழிதான்.

மருத்துவமனையிலிருந்து என் மனைவி விழுப்புரத்துக்கு வரவில்லை. கார் திண்டிவனம் சாலையில் திரும்பியபோது, நம் வீடு இந்தப் பக்கம் அல்லவா என்றேன். "அம்மா எங்கூட இருக்கட்டும்" என்றாள் மகள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை நான் போவேன், பழங்கள் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பார்க்கிற சாக்கில். அவள் உபசாரமாகப் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. நான் செய்ததைப் பற்றி நானும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

போன வருடம் எனக்கு அந்தத் தொல்லை வந்தது. ஆண்களுக்கு வயதானால் வருகிற சுரப்பி வீக்கம். உள்ளூரிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். "எத்தனை தடவை போறீங்க?" என்றார். ராத்திரியில் மட்டும் ஐந்து என்றேன். எழுதிக்கொண்டார். "கஷ்டமா இருக்குமே சார், தூக்கமே இருக்காதே" என்றார். அவ்வளவுதான். ஆதாரம் கேட்கவில்லை. நோட்டு கேட்கவில்லை. ஐந்தா, நாலு இருக்காதா என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு முன்பின் தெரியாத மனிதர் என்னை நம்பிவிட்டார். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். மருந்து வாங்கவில்லை. நேராகப் பஸ் நிலையம் போய்த் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். என் மனைவி தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த நாட்காட்டித் தாளை எடுத்து, பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். குடை செல்கள். பூச்சு. நரம்பு. மாஸ்ட் செல். வேறு எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விளக்கினேன். கசிவது எப்படி, சுற்று எப்படி, புளி வருகிற வழி எப்படி. கடைசியில், "நீ சொன்னதெல்லாம் நெஜம். எல்லாத்துக்கும் காரணம் இருக்குது. நான்தான் தப்பு" என்றேன்.

அவள் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆசிரியை பார்க்கிற மாதிரியே, கொஞ்சம் தள்ளிப் பிடித்து.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க."

"நான் சொன்னது புரிஞ்சுதா?"

"எனக்கு அப்பவே புரிஞ்சுதுங்க. ஒங்களுக்குத்தான் இப்பப் புரிஞ்சிருக்குது." தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "பதினாலு வருஷம் நான் வாயால சொன்னேன். நீங்க நம்பல. இத்தினியூண்டு செல்லு, கண்ணுக்குக்கூடத் தெரியாது, அது சொன்னா நம்பறீங்க."

அவள் நாலைந்து காய்களை உரித்தாள். பிறகு நான், வீட்டுக்கு வந்துவிடு என்றேன். குளியலறையைப் படுக்கை அறை பக்கத்திலேயே கட்டித் தருகிறேன், சமையலில் புளி இருக்காது, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வாணாங்க. இங்க நான் கதவச் சாத்தினா சாத்தினதுதான். வெளிய வந்தா யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல. எனக்கு இது போதும்."

"நான் பண்ணதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். கையெல்லாம் மல்லாட்டைத் தோலின் தூசு.

"மன்னிப்புன்னு கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் பதில் சொல்லியாவணும். குடுத்துட்டேன்னு சொன்னா அது பொய்யி. குடுக்கலன்னு சொன்னா இந்த வயசுல நீங்க தாங்க மாட்டீங்க. என்னப் பொய் சொல்ல வெக்காதீங்க. கேக்காமயே கெளம்புங்க."

வலியில்தான் இப்படிப் பேசுகிறாள், மனதில் இதெல்லாம் இருக்காது, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு குரல் உடனே சொன்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் ரிப்போர்ட்டுகளைப் படித்த குரல் அது. நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். கேட்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.